மகளின் ஆட்டத்தில் விழுந்த சிவப்புக் குறிகள்

அன்று சனிக்கிழமை. அஸர் நேரம் கடந்துதான் என் இளைய மகள் வீட்டுக்கு வந்தாள். எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். வலய மட்டச் சதுரங்கப் போட்டியில் பாடசாலைக்காக விளையாடப் போயிருந்தாள். ஐந்து ஆட்டங்களில் நான்கை வென்று, கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டாள். அதையும் வென்றிருந்தால் மாகாண மட்டத்துக்குப் போயிருப்பாள்.

காலையில் ஊசி குத்தி நேராக்கிப் போட்ட பர்தா கசங்கியிருந்தது. புத்தகப் பையை ஒரு மூலையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"கோட்டையைச் சும்மா பறிகொடுத்துட்டேன் உம்மா. முப்பத்தோராவது நகர்வுல. அது இல்லாட்டி நான் தோத்திருக்க மாட்டேன்" என்று அழுதாள்.

என் உம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். பேத்தியின் தலையைத் தடவிக்கொடுத்தார். வேறொன்றும் பேசவில்லை.

பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த மூத்த மகன் தங்கச்சிக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு வேலை செய்தான். போட்டிகளில் பிள்ளைகள் ஒவ்வொரு நகர்வையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளை வாங்கி, நகர்வுகளைத் தன் கைபேசியில் பதிந்தான். "வா தங்கச்சி, எங்க பிழைச்ச என்று கம்பியூட்டர்ட்ட கேப்போம்" என்றான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் மூன்று மணி நேரம் யோசித்து ஆடிய ஆட்டம் முழுவதிலும் நிறங்கள் வந்து விழுந்தன. நல்ல நகர்வுகளுக்குப் பச்சை, சிறு பிழைகளுக்கு மஞ்சள், அதற்கு மேற்பட்டவற்றுக்குச் செம்மஞ்சள், பெரும் பிழைகளுக்கு இரண்டு கேள்விக்குறியுடன் சிவப்பு. என் மகளின் பக்கத்தில் நான்கு சிவப்புக் குறிகள். மேலே அவளுடைய துல்லியம் நூற்றுக்கு 61 என்று ஒரு புள்ளி.

அவள் நான்கு சிவப்பையும் எண்ணினாள். "எனக்கு இனி இந்த விளையாட்டு வாணாம்" என்று சொல்லிவிட்டு, சதுரங்கப் பெட்டியை அலுமாரியின் உச்சியில் ஏற்றி வைத்தாள்.

சகோதரிகளே, ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதிதான். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வருடம். இனிப் பாடங்களைக் கவனிப்பாள் என்று எண்ணினேன். ஆனால் மூன்று நாட்களாகியும் அவள் முகம் தெளியவில்லை. கணக்குக் கொப்பியைத் திறந்தாலும், "நான் எப்பவும் பிழைதான் செய்வேன்" என்றாள். ஓர் ஆட்டத்துக்கு விழுந்த குறி பிள்ளையின் மீதே விழுந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான்காம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மகனைக் குசினிக்குக் கூப்பிட்டேன். "மகன், அந்தச் சிவப்புக் குறி போடுறது யாரு? அதுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். எனக்குக் காய்களின் பெயர்கள் மட்டுமே தெரியும். அதனால் அவன் என்னைப் போன்ற ஒருத்திக்கு விளங்கும்படிதான் சொன்னான். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கணினி சதுரங்கத்தைக் காசுக் கணக்குப் போலப் பார்க்கிறது. அதன் ரூபா, சிப்பாய். அமெரிக்கக் கணித அறிஞர் குளோட் ஷானன் 1950இல் வெளியிட்ட கட்டுரையில் கணினிக்குச் சதுரங்கம் கற்பிக்கும் வழியை எழுதினார். சிப்பாய் 1, குதிரையும் மந்திரியும் 3, கோட்டை 5, ராணி 9 என்பது அவர் எடுத்துக்கொண்ட பெறுமதி. சிப்பாய்கள் தனித்து நின்றாலோ ஒன்றின் பின் ஒன்றாக அடைபட்டாலோ அரைப் புள்ளி குறையும். காய்களுக்கு நகர இடம் அதிகம் இருந்தால் சிறிது கூடும். இப்படி இரு பக்கத்தையும் கூட்டிக் கழித்தால், யார் எவ்வளவு முன்னால் நிற்கிறார் என்று ஓர் எண் கிடைக்கும். ரூபாவுக்கு நூறு சதம் இருப்பதுபோல ஒரு சிப்பாயையும் நூறாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள்.

அந்த எண்ணை நின்ற இடத்திலேயே கணினி சொல்லிவிடுவதில்லை. நான் இதை ஆடினால் அவர் எதை ஆடுவார், அதற்கு நான் எதை ஆடுவேன் என்று பல நகர்வுகள் முன்னோக்கிப் போய்ப் பார்க்கிறது. எதிராளி எப்போதும் தனக்கு ஆகச் சிறந்த பதிலையே ஆடுவார் என்று வைத்துக்கொண்டுதான் பார்க்கிறது. இன்று பெரும்பாலானோர் பயன்படுத்தும் ஸ்டொக்பிஷ் என்ற இலவச நிரல் 2008இல் வெளிவந்தது. 2020இலிருந்து அதன் மதிப்பீட்டில் நரம்பு வலையமைப்பு என்ற புதிய முறையும் சேர்ந்தது. ஏராளமான நிலைகளைக் கொடுத்துப் பழக்கிய ஒரு கணக்கு அது. மனிதர்களில் எவராலும் இன்று அதை வெல்ல முடியாது.

"சரி, நகர்வுக்குப் புள்ளி போடுறது எப்படி?" என்றேன்.

"அது லேசு உம்மா. அந்த நிலையில ஆடக்கூடிய ஆகச் சிறந்த நகர்வு எதென்று முதல்ல பார்க்கும். அதை ஆடியிருந்தா என்ன எண், இவ ஆடினதுக்கு என்ன எண் என்று கழிச்சுப் பார்க்கும். அந்த வித்தியாசம்தான் பிழை. சிறந்த நகர்வையே ஆடியிருந்தா பிழை பூச்சியம்."

"ஆட்டத்தில யார் வென்றது என்று பார்க்காதா?"

"பார்க்காது. அதுக்கு அந்தக் கதையே தேவையில்ல."

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். பிழையைக் கண்டுபிடிக்க முடிவைப் பார்க்கவே தேவையில்லை என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அவன் இன்னொன்றும் சொன்னான். இழந்தது ஒரே அளவாக இருந்தாலும் பிழை ஒரே அளவாக இருப்பதில்லை. கையில் இருநூறு ரூபா இருக்கும்போது நூறு ரூபா தொலைந்தால் அன்றைய கறிக்கு வழியில்லை. ஐயாயிரம் இருக்கும்போது நூறு தொலைந்தால் வருத்தத்தோடு போய்விடும். அதனால் இப்போதைய தளங்கள் சிப்பாய்க் கணக்கை வெற்றி வாய்ப்பாக மாற்றித்தான் குறி போடுகின்றன. லிசெஸ் என்ற இலவசத் தளம் தன் கணக்கு முறையை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்திருக்கிறது. அதன்படி, சமமாக நிற்கும் ஆட்டத்தில் ஒரு சிப்பாய் அளவு கிடைத்தால் வெற்றி வாய்ப்பு 50இலிருந்து ஏறக்குறைய 59 ஆகும். எட்டுச் சிப்பாய் அளவு முன்னால் நிற்பவருடைய வாய்ப்பு 95. அவர் ஒரு சிப்பாயை இழந்தாலும் 93இல்தான் நிற்பார். ஒரே சிப்பாய், ஓரிடத்தில் ஒன்பது, மற்றோரிடத்தில் இரண்டு.

செஸ்.காம் என்ற தளத்தில் வாய்ப்பை நூறாகக் கொண்டால், 5 முதல் 10 வரை இழப்பது மஞ்சள், 10 முதல் 20 வரை செம்மஞ்சள், 20க்கு மேல் சிவப்பு. ஆடுபவரின் தரத்தையும் அது கணக்கில் எடுக்கிறது. துணிந்து ஒரு காயைத் தியாகம் செய்யும் நகர்வுக்கு இரண்டு ஆச்சரியக்குறி போட்டு மெச்சுவதில், புதிதாகப் பழகுபவர்களிடம் சற்றுத் தாராளமாகவே நடந்துகொள்கிறது. ஓர் இயந்திரத்துக்கே சிறு பிள்ளைக்கு ஓர் அளவு, கைதேர்ந்தவருக்கு ஓர் அளவு என்று வைக்கப்பட்டிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டோம். "எண்ண மட்டும் செஞ்ச, பார்க்கல்ல. இப்ப ஒருக்கா பார்ப்போம்" என்றான் அண்ணன். அவள் மனமில்லாமல்தான் வந்தாள்.

முதலில் அந்த முப்பத்தோராவது நகர்வைக் காட்டச் சொன்னேன். அவள் கோட்டையைப் பறிகொடுத்த இடம். அங்கே சிவப்பில்லை. பச்சை நிறம்!

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நானா, பிழையா பதிஞ்சிட்டீங்களோ?"

பிழையாகப் பதியவில்லை. காய்களை எண்ணினால் அந்த நேரத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆனால் அவளுடைய ராஜாவைச் சுற்றி வலை விழுந்திருந்தது. கணினியின் கணக்கில் அவள் ஒன்பது சிப்பாய் அளவு பின்னால். இரண்டு நகர்வில் முடிய இருந்த ஆட்டத்தை, கோட்டையைக் கொடுத்துத்தான் தள்ளிப்போட முடியும். அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். அந்த நிலையில் அதைவிட நல்ல நகர்வு எதுவும் இல்லை. நான்கு நாட்களாக எதை நினைத்து அழுதாளோ, அது அவள் செய்த சரியான காரியங்களில் ஒன்று.

உண்மையான பிழை பதினெட்டாவது நகர்வில் இருந்தது. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய் ஒன்றைச் சும்மா ஒரு கட்டம் தள்ளியிருந்தாள். அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை, எதிரில் இருந்த பிள்ளைக்கும் தெரியவில்லை. வென்ற அந்தப் பிள்ளையின் பக்கத்திலும் மூன்று சிவப்புக் குறிகள் இருந்தன. இருபதாவது நகர்வில் அவள் விட்ட பிழையை என் மகள் காணவில்லை. அதுதான் இரண்டாவது சிவப்பு. பன்னிரண்டாவது நகர்வுக்கு விழுந்திருந்த மஞ்சள் குறியோ, கணினியை இன்னும் சற்று நேரம் யோசிக்க விட்டபோது தானாகவே பச்சையாக மாறியது. அவசரத்தில் போட்ட குறியை ஆழமாகப் பார்த்ததும் அதுவே திருத்திக்கொண்டது.

"அறுபத்தொன்று?" என்று கேட்டாள்.

அதற்கும் ஒரு பதில் இருந்தது. அன்று காலையில் அவள் ஆடிய இரண்டாவது ஆட்டத்தையும் மகன் பதிந்தான். எதிராளி தொடக்கத்திலேயே ராணியை இழந்து பதினான்கு நகர்வில் முடிந்த ஆட்டம். அதில் அவளுக்கு 90க்கு மேல். "அப்ப நான் காலைல கெட்டிக்காரி, பின்னேரம் மடைச்சியா?" என்று அவளே சிரித்துவிட்டாள். லேசான வினாத்தாளுக்கும் கடினமான வினாத்தாளுக்கும் கிடைக்கும் புள்ளிகளை ஒன்றாக வைத்துப் பார்க்க முடியுமா?

பெரியவர்களும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார்கள். ஸ்லோவேனியா நாட்டின் ஆய்வாளர்கள் மத்தேய் குயித், இவான் பிராட்கோ ஆகியோர் 2006இல், உலகச் சம்பியன்கள் 14 பேர் ஆடிய உலகச் சம்பியன் பட்டப் போட்டி ஆட்டங்களைக் கணினியில் இட்டு, ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு பிழை விட்டார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கியூபாவின் கப்பபிளாங்கா ஆகக் குறைந்த பிழையுடன் முதலாவதாக வந்தார். ஆனால் அவர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொருவரும் எதிர்கொண்ட நிலைகள் எவ்வளவு சிக்கலானவை என்றும் அளந்தார்கள். கப்பபிளாங்காவின் ஆட்டங்கள் மற்றவர்களுடையதைவிடச் சிக்கல் குறைந்தவை என்று தெரிந்தது. சிக்கலைத் தேடிப் போகிறவருக்குப் பிழை கூடத்தான் செய்யும். இன்னொரு குறையையும் அறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள்: அளக்கப் பயன்பட்ட கணினி நிரலே அந்தச் சம்பியன்களைவிடப் பலம் குறைந்ததாக இருந்தால், அதன் தீர்ப்பை எப்படி ஏற்பது என்று.

பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சும்போது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்த நிலைகள் எல்லாவற்றையும் முற்றாகக் கணக்கிட்டு முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் கணினி சொல்வதும் ஓர் அபிப்பிராயம்தான். பெரும்பாலும் சரியான அபிப்பிராயம், அவ்வளவே.

இவ்வளவையும் என் உம்மா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தோம். திடீரென்று பேத்தியைக் கூப்பிட்டார்.

"மகள், நீங்க சொல்றது எனக்குச் சரியா விளங்கல்ல. ஆட்டம் தோத்துப்போச்சு. ஆனா கடைசில கோட்டையைக் குடுத்தது பிழையில்லையா?"

"இல்ல உம்மும்மா. வேற எதைச் செஞ்சாலும் அதைவிட மோசமாத்தான் போயிருக்கும். அந்த நேரத்தில இருந்த வழியில அதுதான் நல்லது."

"தோத்தாலும் பிழையில்ல?"

"தோத்தாலும் பிழையில்ல."

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மெல்லப் புரண்டு படுத்தார். அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் மகளுக்குத் தெரியாது.

என் வாப்பா 2013இல் மௌத்தானார். இருதய நோய். ஒபரேஷன் செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து என்று டொக்டர்மார் சொன்னார்கள். சம்மதக் கடிதத்தில் உம்மாதான் கையெழுத்து வைத்தார். ஒபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வாப்பா போய்விட்டார். உம்மா இத்தாவில் இருந்த நாட்களில் வந்தவர்கள் எல்லாம், கொஞ்சம் பொறுத்திருக்கலாம், இன்னொரு டொக்டரிடம் காட்டியிருக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது போகட்டும். நானும் ஒருநாள் துக்கம் தாங்காமல், "அவசரப்பட்டுட்டீங்களே உம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். உம்மா அதற்குப் பதில் சொல்லவும் இல்லை. பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆனால் வாப்பாவின் பேச்சு வரும்போதெல்லாம் தன் வலது கையைப் பார்ப்பார். கையெழுத்து வைத்த கை. நான் அதைக் கண்டும் காணாததுபோல் இவ்வளவு காலம் இருந்துவிட்டேன்.

வாழ்க்கைக்கு அப்படியொரு கணினி இல்லை. கையெழுத்து வைக்காமல் இருந்திருந்தால் வாப்பா எத்தனை நாள் இருந்திருப்பார் என்று எவராலும் கழித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. நான் என் உம்மாவுக்குச் சிவப்புக் குறி போட்டது முடிவைப் பார்த்து. அவர் நின்ற நிலையைப் பார்த்து அல்ல. அந்த நிலையில் அவர் முன்னால் இருந்த வழிகள் எத்தனை, அவருக்குத் தெரிந்தது எவ்வளவு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஓர் இயந்திரம்கூடச் செய்யாத அநியாயம் அது.

அந்த இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு உம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "உம்மா, அன்றைக்கு நான் சொன்னது பிழை. மன்னிச்சிடுங்க" என்றேன். எதைச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. "நீயும் அப்ப வாப்பாவை இழந்த பிள்ளைதானே" என்று மட்டும் சொன்னார். வெகு நேரம் இருவரும் அப்படியே இருந்தோம்.

மகளுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லி வைத்தேன். எப்படியும் தோற்கப்போகிற ஆட்டம்தானே என்று சொல்லிக் கைவிடுவதற்கு இதைச் சாட்டாக எடுக்கக் கூடாது. உலகச் சம்பியன் கஸ்பரோவ் 1997 மே மாதம் நியூயோர்க்கில் டீப் புளூ என்ற கணினியோடு மோதியபோது, இரண்டாவது ஆட்டத்தில் இனி வழியில்லை என்று தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். தொடர்ந்து ஆடியிருந்தால் அந்த ஆட்டத்தைச் சமப்படுத்தியிருக்கலாம் என்று அடுத்த நாள் அவருடைய குழுவினரே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மொத்தப் போட்டியையும் மூன்றரைக்கு இரண்டரை என்று தோற்றார். தோற்றுவிட்டோம் என்ற எண்ணமும் ஓர் அபிப்பிராயம்தான். அதையும் சரிபார்க்க வேண்டும்.

மறுநாள் காலையில் சதுரங்கப் பெட்டி அலுமாரியின் உச்சியில் இருக்கவில்லை. பதினெட்டாவது நகர்வில் எதை ஆடியிருக்கலாம் என்று அண்ணனும் தங்கச்சியும் தரையில் படுத்துக்கொண்டு தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். கைபேசியை மூடி வைத்துவிட்டு முதலில் தாங்களே யோசிப்பது, பிறகுதான் கணினியிடம் கேட்பது என்று ஓர் ஒப்பந்தமாம். உம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, குதிரை ஏன் வளைந்து போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சகோதரிகளே, நம் வீடுகளில் நாம் ஒரு நாளைக்கு எத்தனை சிவப்புக் குறி போடுகிறோம்! கறியில் உப்புக் கூடினால் மருமகளுக்கு, கணக்கில் புள்ளி குறைந்தால் மகளுக்கு, வியாபாரம் படுத்தால் கணவனுக்கு. போடத்தான் வேண்டும் என்றால் போடுங்கள். பிழையைப் பிழை என்று சொல்லாவிட்டால் பிள்ளை திருந்தாது. ஆனால் அதற்கு முன்னால் அந்த இடத்தில் அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று ஒருமுறை கேளுங்கள். நான் அதைக் கேட்க இத்தனை வருடம் எடுத்துவிட்டது.